நாலே மாத்திரைக்கு மூன்று மாத ஜெயில்! தெரியுமா?

நான்கே நான்கு மாத்திரைகள் வைத்திருந்த குற்றத்துக்கு மூன்று மாதச் சிறை! யாருக்குத் தெரியுமா? ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகருக்கு! 1967 ஜூனில், இங்கிலாந்தின் சிசெஸ்டர் நீதிமன்றம் கொடுத்த தண்டனை அது. மாத்திரைகளை வாங்கியதோ இத்தாலியில்! அவருடைய கூட்டாளி கீத் ரிச்சர்ட்ஸுக்கு, தன் வீட்டில் கஞ்சா புகைக்க இடம் கொடுத்தார் என்று ஒரு வருடம். எதிர்ப்பு கிளம்பியது. பழமைக்குப் பெயர்போன ‘தி டைம்ஸ்’ நாளிதழே ஜாகருக்காகத் தலையங்கத்தில் வாதாடியது! ஜூலை 31 அன்று அப்பீலில் ரிச்சர்ட்ஸ் மீதான தீர்ப்பே ரத்து. ஜாகருக்குச் சிறை போய், நிபந்தனையோடு விடுவிப்பு!

அதே இங்கிலாந்தில் 1895இல் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டுக்கு இரண்டு வருடக் கடுங்காவல் விதித்தார்களே, அவர் ஏன் அப்பீல் போகவில்லை தெரியுமா? போவதற்கு ஒரு கோர்ட்டே கிடையாது! உள்துறை அமைச்சருக்கு மனுப் போடலாம், அவ்வளவுதான். போட்டார். இரங்கவில்லை. படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது.

அடால்ஃப் பெக் என்பவரின் கதையோ இன்னும் கொடுமை. வேறொருவன் செய்த மோசடிக்கு இவர்தான் ஆள் என்று தவறாக அடையாளம் காட்டியதால் 1896இல் ஏழு வருடத் தண்டனை. வெளியே வந்தவரை 1904இல் மறுபடியும் அதே தவறால் பிடித்துப் போட்டார்கள்! உண்மையான மோசடிக்காரன் சிக்கிய பிறகுதான் விடுதலை. அந்த அவமானத்துக்குப் பிறகே 1907இல் சட்டம் வந்து, குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறந்தது.

ஆனால் அங்கே போவதே ஒரு சூதாட்டமாக இருந்தது தெரியுமா? குறைக்கச் சொல்லிப் போனவருக்குத் தண்டனையை ஏற்றிவிடவும் நீதிபதிகளால் முடியும்! 1966இல்தான் அந்த அதிகாரத்தைப் பறித்தார்கள். இன்றும் ஒரு முள் மிச்சமிருக்கிறது. தகுந்த காரணமில்லாமல் அப்பீல் போனால், காத்திருந்து சிறையில் கழித்த நாட்களில் சிலவற்றைத் தண்டனைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம். கீழ்நிலை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலிருந்து கிரவுன் கோர்ட்டுக்குப் போகிறவருக்கோ, தண்டனை கூடும் ஆபத்து இன்னும் அப்படியே இருக்கிறது!

கிரவுன் கோர்ட் தண்டனை என்றால் 28 நாளுக்குள் மனுப் போட வேண்டும். கொஞ்சம் அதிகம் என்பது போதாது. கண்கூடாகவே மிதமிஞ்சியது என்று காட்ட வேண்டும். ‘ஜஸ்ட் ஸ்டாப் ஆயில்’ என்ற சுற்றுச்சூழல் இயக்கத்தின் போராட்டக்காரர்கள் 16 பேர் அப்படித்தான் முறையிட்டார்கள். 2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அவர்களில், எம்25 நெடுஞ்சாலையை முடக்கத் திட்டமிட்டதாக ஐந்து வருடம் பெற்ற ரோஜர் ஹாலமுக்கு ஒரு வருடம் குறைந்தது. மொத்தம் ஆறு பேருக்குத்தான் பலன். மற்றப் பத்துப் பேருக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை.