தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில்

முதல் நாள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை நான் கீபோட்டைத் தொட விடுவதில்லை. கையைத் தட்டச் சொல்வேன், நாலு தட்டு. பிறகு, தட்டும்போது வாயை மூடிக்கொண்டு, கை விரிந்திருக்கும் அந்த நடு நேரத்தில் மட்டும் 'க' என்று சொல்லச் சொல்வேன். தக, தக, தக, தக. 'த' கைக்கு, 'க' வாய்க்கு. கொஞ்ச நேரம் தடுமாறுவார்கள். பிடிபட்டதும் தோள் தானாக ஆடத் தொடங்கும். கிளிநொச்சிப் பிள்ளை ஒன்று ஜமேக்காவின் ஸ்கா இசைக்குள் கால் வைப்பது அப்படித்தான்.

எங்கள் தவில்காரர்களுக்கு இது புதிதில்லை. அரை இடம் தள்ளி எடுப்பது அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவர்கள் பாட்டு தொடங்கும் எடுப்பில் மட்டும் செய்வதை ஸ்காக்காரர் பாட்டு முழுவதும் செய்வார்கள். கிற்றாரும் பியானோவும் அந்தக் 'க'வில் மட்டுமே வெட்டி வெட்டி விழும். பேஸ் கிற்றார் நேராக நடந்துபோகும். ட்றம்பெற்றும் ட்ரொம்போனும் மேலே பாடும்.

1950களின் கடைசியில் கிங்ஸ்ரன் நகரில் இது பிறந்தது. மயாமியிலிருந்தும் நியூ ஓர்லியன்சிலிருந்தும் இரவில் காற்றோடு வந்த அமெரிக்க வானொலிப் பாட்டுகளைக் கேட்டு, அவற்றைத் தங்கள் கைக்கு வந்தபடி வாசித்தார்கள். ஸ்காவின் வேரிலேயே பிறர் பாட்டு இருக்கிறது. 1964இல் சேர்ந்த ஸ்கற்றலைற்ஸ் குழுவின் பேர்போன உருப்படிகளில் ஒன்று, 'கன்ஸ் ஒவ் நவரோன்' என்ற ஹொலிவூட் படத்தின் இசை.

தூரத்து வானொலியைக் கேட்டுப் பாட்டுப் பழகுவது எப்படி என்று வன்னிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ வெளிச்சத்துக்குத் தரும் மின்னில் ரேடியோவைப் பாட வைப்போம். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டு தேயும். "விடாதை, விடாதை, சரணம் வருது" என்று கத்துவோம். எங்கள் கோஷ்டி வாசித்த பாதிப் பாட்டு அப்படிப் பெடல் சுற்றிப் பாடமாக்கியதுதான். கோயில் திருவிழாக்களில் வாசிப்பதைக் கசெற்றில் பதிந்து இரண்டு தகரப்பெட்டி நிறைய வைத்திருந்தோம். போரில் இடம்பெயர்ந்தபோது விசுவமடுவில் அவற்றை மண்ணுக்குள் வைத்துவிட்டு நடந்தோம். 2010இல் வந்து தோண்டியபோது நாடாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அந்தப் பாட்டெல்லாம் இப்போது எங்கள் கையிலும் தொண்டையிலும் மட்டும்தான் இருக்கிறது. எங்களோடு அவையும் போய்விடுமோ என்ற பயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

இங்கிலாந்தின் கொவென்றியில் இருக்கும் என் மருமகன் ஒரு நாள் தொலைபேசியில் சொன்னான்: "மாமா, இஞ்ச ஒரு பழைய பாண்ட். வயசுபோன மூண்டு பேர் மற்ற ஆக்களின்ர பாட்டெல்லாம் எடுத்துப் பாடியிருக்கினம். உங்கட கோஷ்டிதான் ஞாபகம் வந்துது." அவன் அனுப்பிய இசைத்தட்டு, தி ஸ்பெஷல்ஸ் குழு 2021இல் வெளியிட்டது. எதிர்ப்புப் பாடல்கள் என்று பேர் வைத்து, 1924 முதல் 2012 வரை என்று ஆண்டும் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பாட்டு.

ஸ்பெஷல்ஸ் 1977இல் அந்தக் கொவென்றியிலேயே கூடிய குழு. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரே மேடையில் நிற்பதே அன்றைய இங்கிலாந்தில் ஒரு பேச்சாக இருந்தது. வேலையில்லாத இளைஞர்களின் ஊர் வெறிச்சோடியதைப் பாடிய அவர்களின் 'கோஸ்ட் ரவுன்' 1981இல் அங்கே முதலிடம் பிடித்தது. அவர்களுக்குப் பேர் வாங்கித் தந்த பாட்டுகளில் இன்னொன்று, ரூடி என்ற பொடியனுக்குப் புத்தி சொல்லும் பாட்டு. அது 1967இல் டான்டி லிவிங்ஸ்ரன் பாடியது. 1979இல் இவர்கள் அதைத் திரும்பப் பதிந்தபோது, முதல் பதிவில் ட்ரொம்போன் வாசித்த ரிக்கோ றொட்றிகேஸையே தேடி அழைத்து வாசிக்க வைத்தார்கள். எனக்கு அந்தக் குழுமேல் மரியாதை வந்த இடம் அது. பாட்டை எடுத்தவர்கள், அதற்கு மூச்சுக் கொடுத்தவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

2021 இசைத்தட்டை ஸ்காவை எதிர்பார்த்துப் போட்டேன். பெரும்பாலான பாட்டில் அந்தக் 'க' இல்லை. ஸ்ரேப்பிள் சிங்கர்ஸ் 1965இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமை நடைபயணத்துக்காகப் பாடிய பாட்டு, லெனார்ட் கோகனின் பாட்டு, பழைய புளூஸ் பாட்டு என்று, ஒவ்வொன்றும் கேட்ட உடையில் வருகிறது. பொப் மார்லி எழுந்து நிற்கச் சொன்ன பாட்டை, குழுவில் ஒருவரான, ஜமேக்காவில் பிறந்த லின்வல் கோல்டிங் துள்ளலெல்லாம் கழற்றிவிட்டு, கிற்றாரோடு தாழ்ந்த குரலில் பாடுகிறார். நாற்பது வருடம் கட்டிக்காத்த தாளத்தைக் கீழே வைக்கத் துணிவு வேண்டும். பாடகர் ரெரி ஹோல் அடுத்த ஆண்டு டிசம்பரில் தன் 63ஆவது வயதில் காலமானார். அதுவே குழுவின் கடைசி இசைத்தட்டு ஆகிவிட்டது.

அந்த இசைத்தட்டைக் கேட்ட கிழமையே எங்கள் கோஷ்டியின் மற்ற இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பினேன். எங்கள் பாட்டுக்கார அண்ணைக்கு எழுபத்தொன்று. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர், கடல்தொழில் செய்தவர். ட்றம்ஸ் அடிப்பவருக்கு வலது கால் முழங்காலோடு இல்லை. என் வகுப்பறையில் யன்னலுக்கு மெத்தையைச் சாய்த்து வைத்து, ஈழத்துப் பொப் பாட்டுகளில் ஆறைப் பதிவது என்று முடிவெடுத்தோம். முதலில் ஏ. ஈ. மனோகரன் பாடி நாடெங்கும் ஒலித்த 'சுராங்கனி'. அதுவே ஊர் ஊராகப் போன பாட்டு. 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படம் வழியாகத் தமிழ்நாட்டுக்கும் போனது.

'சுராங்கனி' பைலாத் தாளம். போர்த்துக்கேயரும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரும் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த ஆட்டத்தில் பிறந்தது அது. தகிட, தகிட என்று மூன்று மூன்றாகச் சுழலும். ஆனால் எங்கள் ட்றம்ஸ்காரர் இடது காலால் பெரிய ட்றம்மை மிதிக்கிறார். ஹை-ஹற்றைத் திறந்து மூட இன்னொரு கால் இல்லை. அந்த இடத்தை நிரப்ப என் இடது கையால் கீபோட்டில் தட்டுக்கு நடுவில் வெட்டினேன். இரண்டு நாளில் தகிட தேய்ந்து தக ஆகிவிட்டது. நாங்கள் தேடிப்போகாமலே ஸ்கா வந்து உட்கார்ந்துவிட்டது. வேகமும் பாதியாகக் குறைந்தது.

அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "பாட்டு ஆடேல்லையடா தம்பி, நடக்குது" என்றார்.

"ஒருக்கா நடந்து பாருங்கோ அண்ணை" என்றேன்.

சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறோம் என்று சொல்லும் பாட்டு அது. ஐம்பது வருடமாக அதைக் கேட்டதும் வேட்டியை மடித்துக்கட்டி ஆடத்தான் தெரியும். அன்று அவர் அதை மெல்லப் பாடினார். விடியப்புறம் கரைக்கு வந்து, உப்புக் காய்ந்த கையில் மீனோடு ஒரு வீட்டுப் படலையில் நின்று கூப்பிடுகிறவரின் குரல் வந்தது. ட்றம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியபடியே இருந்துவிட்டார், அடிக்க மறந்துபோனார். அந்தப் பதிவின் கடைசியில் யாழ்ப்பாணம் போகும் ரயிலின் ஊதல் விழுந்திருக்கிறது. பிறகு நாலுதரம் பாடிப் பார்த்தோம். ஊதல் விழுந்ததையே வைத்துக்கொண்டோம்.

அடுத்தது நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'. அதைத் தகிடவில் விடுவதா, தகவில் எடுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியட்டும் என்று அண்ணை சொல்லியிருக்கிறார். அதற்குள் மருமகன் பேஸ் கிற்றாருக்கு ஒரு செற் தந்தி அனுப்புகிறான்.