படத்துக்குள் வெட்டிய தேதி

பல ஆண்டுகளாகச் சேர்ந்துபோன படங்களை எப்படி அடுக்கிவைப்பது என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாதவாரியாகப் பிரித்தால் போதும். 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், 1 பிரதி வீட்டுக்கு வெளியே. இது புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி, இதையும் விடாதீர்கள்.

எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது வேறொன்று. கேமராவில் எடுத்த ஜேபெக் படம் ஒன்றின் நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். (மூடும்போது சேமித்துவிடாதீர்கள்.) திரை முழுக்க ஒன்றும் புரியாத குறிகள். ஆனால், தொடக்கத்திலேயே கேமராவின் கம்பெனிப் பெயர், மாடல், கூடவே 2011:01:15 06:42:10 என்பதுபோல ஒரு தேதி பளிச்சென்று தெரியும். ஜப்பானில் 1995இல் வகுத்த எக்ஸிஃப் முறை இது. எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவில் பாட்டியின் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும்; அண்டா யார் வீட்டுக்குப் போனாலும் அவையும் கூடவே போகும். கோப்பின் பெயரை மாற்றினாலும், பென்டிரைவில் ஏற்றினாலும் இந்தத் தேதியும் அப்படியே நிற்கும். பெயரை நம்ப முடியாது: பல கேமராக்களில் 9999க்குப் பிறகு எண் மறுபடி 0001தான்.

இதை அழிப்பது வாட்ஸப். வழக்கம்போலப் படமாக அனுப்பினால் அளவைச் சுருக்குவதோடு எக்ஸிஃபையும் களைந்துவிடுகிறது. IMG-20240114-WA0007 என்ற பெயரில் இருப்பது படம் எடுத்த நாள் அல்ல. தாத்தாவின் 1974ஆம் ஆண்டுப் படம் 2024 பொங்கல் படங்களோடு போய் உட்கார்ந்துகொள்ளும். கல்யாணப் படங்களைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, இடமில்லை என்று அசலை அழிப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. நாளைக்குப் பெரிதாக அச்சிட நினைத்தால் கையில் இருப்பது சுருங்கிய நகல்தான். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அசல் அப்படியே போய்ச் சேரும்.

எக்ஸிஃபுக்கும் ஒரு குறை உண்டு. எந்த ஊர் நேரம் என்று குறிக்க 2016 வரை அதில் இடமே இல்லை. இந்திய நேரத்திலேயே கேமராவை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் போனால், அங்கே காலை 7 மணிக்கு எடுத்த படத்தில் 4:30 என்று பதிவாகும். ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில், அந்தப் பயணத்துப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் இரண்டரை மணி நேரம் முன்னே நகர்த்திவிடலாம். ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கும் அதிலேயே எடுத்த தேதியைப் பதியலாம். ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தையும் விடாமல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும், யாரோ பென்சிலில் எழுதிய ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.