அந்த ஒரு சிக்ஸருக்கு எத்தனை கோடி?

மார்ச் நெருங்கினாலே உத்தனப்பள்ளி, ஓசூர் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பசங்களுக்கு ஒரு ஜுரம் வரும். பரீட்சை ஜுரம் இல்லை பாஸ்... ஏல ஜுரம்!

தேவையானது ஒரு நோட்டு, ஒரு பேனா, எட்டுப் பேர். ஆளுக்கு 100 கோடி காகிதப் பணம். ஐ.பி.எல். வீரர்களை ஒவ்வொருத்தராகக் கூவி ஏலம் விட வேண்டியது, ஆளுக்கு 12 பேர் எடுக்க வேண்டியது. சீசன் முழுக்க ரன்னுக்கு 1 பாயின்ட், விக்கெட்டுக்கு 25 பாயின்ட். கடைசியில் தோற்றவர் செலவில் பரோட்டா. இந்த ஏரியாவில் கூடுதல் சுவாரஸ்யம் மொழி. ஒருத்தன் 'மூணு' என்பான், ஆந்திரா பையன் 'மூடு' என்பான், எல்லை தாண்டி வந்தவன் 'மூரு' என்பான். மூணும் மூணு கோடிதான்!

பணம் கட்டி ஆடுகிற ஆப் சமாசாரம் எல்லாம் முடிஞ்ச கதை. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை கொண்டு வந்துவிட்டது. செமஸ்டர் ஃபீஸை 'ஃபேன்டஸி டீம்' மேல் கட்டிவிட்டு வீட்டுக்கு என்ன சொல்வது என்று முழித்த கதைகளைக் கேட்டவர்களுக்கு அதில் வருத்தம் இருக்காது. நோட்டு ஏலத்தில் போவது மானம் மட்டும்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். பும்ராவையோ கோலியையோ எடுக்கத் தனி மூளை வேண்டாம். காசு இருந்தால் எடுக்கலாம். ஏலத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் நடுத்தர ஆட்களை எடை போடுவதில்தான் இருக்கு. 'இவன் நல்லவனா, சுமாரா?' என்று எட்டுப் பேரும் தலையைச் சொறியும் பெயர்கள். அதில் நம்பர் ஒன், நம்ம தமிழ்நாட்டு ஷாருக் கான்.

பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? 2021 நவம்பர் 22. டெல்லியில் சையத் முஷ்டாக் அலி கோப்பை ஃபைனல், எதிரே கர்நாடகா. கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். சிக்ஸர்! 15 பந்தில் 33 நாட் அவுட், கோப்பை நமக்கு. தோனி அதை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த போட்டோ வேறு ஊர் முழுக்கச் சுற்றியது. 2019 ஃபைனலில் இதே கர்நாடகாவிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்ற எரிச்சல் இருந்ததால், அந்த சிக்ஸர் இனிப்பு டபுளாகிவிட்டது. சேப்பாக்கத்தைவிட சின்னசாமி ஸ்டேடியம் கிட்ட இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் நன்றாகவே புரியும்.

இப்போ விலையைப் பாருங்க. 2021 ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையில் வந்தவரை 5.25 கோடிக்கு எடுத்தது பஞ்சாப். சிக்ஸர் அடித்த மூணே மாசத்தில், 2022 ஏலத்தில், அதே பஞ்சாப் கொடுத்தது 9 கோடி! அந்த சீசனில் அவர் ஆடியது 8 மேட்ச், எடுத்தது 117 ரன். 2023-ல் 14 மேட்ச், 156 ரன். அதாவது மேட்ச்சுக்கு 11 ரன்.

'அப்போ ஆள் வேஸ்ட்டா?' என்று கேட்டால், அவசரப்படாதீங்க. ஃபினிஷருக்கு எத்தனை பந்து கிடைக்கும்? கடைசி ரெண்டு ஓவரில் இறங்கி ஆறு பந்தில் 15 அடித்தால் கேப்டன் கட்டிப்பிடிப்பார். நம்ம நோட்டில் அது வெறும் 15 பாயின்ட்.

பந்து கிடைத்த நாட்களைத் தனியாக எடுத்துப் பாருங்க. 2021 ஏப்ரல் 16, சென்னைக்கு எதிராகப் பஞ்சாப் 26 ரன்னுக்கு 5 விக்கெட். தீபக் சஹார் பின்னி எடுத்த நாள். ஷாருக் 36 பந்தில் 47. 2024 ஏப்ரல் 28, குஜராத் அணிக்காக நாலாவது ஆளாக இறங்கி பெங்களூருக்கு எதிராக 30 பந்தில் 58. 2025 மே 22, லக்னோவுக்கு எதிராக 29 பந்தில் 57. முப்பது பந்து கொடுத்தால் ஐம்பது வரும் என்பது தெரிகிறது இல்லையா? இதில் சோகம், இந்த மூணு மேட்ச்சிலும் அவர் அணி தோற்றது. நம்ம நோட்டுக்கு அந்தக் கவலை கிடையாது.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததில்லை. காகித ஏலத்துக்கு 1980-லேயே நியூயார்க்கில் ஃபார்முலா போட்டுவிட்டார்கள். டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் பேஸ்பால் வீரர்களைத் தங்களுக்குள் ஏலம் விட்டு விளையாடியதில் பிறந்ததுதான் இன்றைய ஃபேன்டஸி ஆட்டம். அங்கே 'ஷார்ட்ஸ்டாப்' என்று ஒரு ஃபீல்டிங் இடம் உண்டு. ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவே நின்று பாய்ந்து பாய்ந்து பிடிக்கிற ஆள். நிஜ டீமுக்கு அவன் கை தங்கம். ஃபேன்டஸியில் பொதுவாகப் பிடித்ததற்குப் பாயின்ட் கிடையாது, அடித்ததற்குத்தான். அதனால் நிஜ டீமில் ஒரு விலை, நோட்டில் வேறு விலை. நம்ம ஃபினிஷரும் அதே ஜாதகம்தான்.

அங்கே பழக்கத்தில் இருக்கும் இன்னொரு கணக்கு செம உபயோகம். 'இந்த ஆள் எத்தனை எடுப்பான்?' என்று கேட்காதே, 'இவனை விட்டால் சும்மா கிடைக்கிற ஆளைவிட எத்தனை அதிகம் எடுப்பான்?' என்று கேள். நம்ம ஏலத்தில் எட்டுப் பேர் 12 வீதம் எடுத்தால் 96 பேர். பத்து அணியிலும் இம்பேக்ட் பிளேயரைச் சேர்த்து மேட்ச்சுக்கு 120 பேர் ஆடுகிறார்கள். மீதி 24 பேர் யார்? பெரும்பாலும் ஆறாவது, ஏழாவது இடத்தில் இறங்குகிற பேட்ஸ்மேன்கள்தான்! ஏலம் முடிந்த பிறகும் ஓசியில் கிடைக்கிற ரகம். மேட்ச்சுக்கு 11 ரன் அடிக்க இன்னும் நாலு பேர் வாசலில் நிற்கும்போது, ஒருத்தருக்கு மட்டும் 9 கோடி எதுக்கு?

நன்றாக அடிக்கிற விக்கெட் கீப்பர் அப்படி இல்லை. மொத்தமே பத்து அணி, அதில் மேலே இறங்கி அடிக்கிறவர் பாதிப் பேர். 'கீப்பர் ஒருத்தர் கட்டாயம்' என்று உங்க ரூமில் ரூல் இருந்தால் அங்கே தாராளமாகக் காசைக் கொட்டலாம்.

குஜராத் ஷாருக்கை 2024 சீசனுக்கு 7.40 கோடிக்கு வாங்கியது. அடுத்த சீசனுக்குத் தக்கவைத்தது 4 கோடிக்கு. 'மார்க்கெட் விழுந்துடுச்சு' என்று சிலர் சொன்னார்கள். தப்பு. சர்வதேச மேட்ச் ஆடாதவரைத் தக்கவைக்க அந்த வருஷம் விதிப்படி விலையே 4 கோடிதான். நிஜ ஏல விலையை நோட்டுக்குக் காப்பி அடிக்கிறவர்கள் இந்த மாதிரி இடத்தில் வழுக்குவார்கள்.

அந்த 2021 ஃபைனலில் இன்னொரு தமிழ்நாட்டுப் பையனும் ஆடினான். 4 ஓவரில் 12 ரன் கொடுத்து 3 விக்கெட். 16 ரன் தேவைப்பட்ட கடைசி ஓவரின் முதல் பந்தை பவுண்டரிக்கு அனுப்பியதும் அவன்தான். சாய் கிஷோர்! சிக்ஸர் ஞாபகம் இருக்கிற எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்கு? 2025 சீசனுக்கான ஏலத்தில் குஜராத் அவரை வெறும் 2 கோடிக்குத் திரும்ப எடுத்தது. அந்த சீசனில் அவர் எடுத்தது 19 விக்கெட். நம்ம கணக்கில் 475 பாயின்ட், பேட்டிங் தனி. 156 ரன்னோடு ஒப்பிட்டுப் பாருங்க, தலை சுத்தும்.

ஷாருக்குக்கு என் ரேட் காகிதத்தில் 3 கோடி. டாஸுக்கு முன்னாடி 'இன்னிக்கு நாலாவது இறங்குறார்' என்று சீசனில் தொடர்ந்து சேதி வந்தால் 6 வரைக்கும் தாங்கும். 9-க்கு வாய்ப்பே இல்லை.

ஒரு சின்ன கிரிமினல் ஐடியா... எல்லார் கையிலும் பணம் புரளும் முதல் ரவுண்டிலேயே ஷாருக் பெயரை நீங்களே கூவி விடுங்க. சென்னை ரசிகன் எவனாவது அந்த சிக்ஸரை நினைச்சுக் கையைத் தூக்குவான். 2025-ல் டீம் கடைசி இடத்துக்குப் போன கோபம் வேறு அவனுக்கு. 7, 8 என்று ஏறட்டும், நீங்க வாயைத் திறக்காதீங்க. பத்தாவது ரவுண்டில் சாய் கிஷோர் பெயர் வரும்போது அவன் பாக்கெட்டில் ஒரு கோடிகூட இருக்காது!