களத்துக்குத் திரும்பும் பிள்ளைகள்

"இனிமேல் இவன் விளையாடவே கூடாதா, டாக்டர்?" பதின்பருவப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் வினா இது. ஆஸ்துமாவோ முதல் வகை நீரிழிவோ கண்டறியப்பட்டவுடன் பல வீடுகளில் முதலில் நின்றுபோவது விளையாட்டுத்தான். அந்த அச்சத்தை நாங்கள் நன்கு உணர்கிறோம். எனினும், மைதானத்தை விட்டு விலகும் பிள்ளை உடற்பயிற்சியோடு வேறு எவற்றையெல்லாம் இழக்கிறது என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பிறர் துயர் உணர்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல் முதலிய பத்துத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள் என வகுத்துள்ளது. இவற்றைப் பாடமாகப் படித்து மனப்பாடம் செய்ய இயலாது. பழகித்தான் பெற வேண்டும். அதற்கு ஏற்ற இடங்களுள் விளையாட்டுக் களமும் ஒன்று.

கபடியையே எடுத்துக்கொள்வோம். பாடிச் செல்பவருக்குக் கிடைப்பது 30 விநாடிகள். முன்னேறுவதா, திரும்புவதா என்பதை அவரே, அந்தக் கணத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். பிடிபட்டவர் வெளியே அமர்கிறார். தம் அணியினர் எதிரணி வீரரை வெளியேற்றும்போது, தம் முறை வந்ததும் மீண்டும் உள்ளே வருகிறார். தோல்வி நிலையானதன்று என்பதையும், பிறர் முயற்சியால் தாம் மீள்வதையும் ஒரே மாலைப்பொழுதில் பலமுறை அப்பிள்ளை உணர்கிறது. நீண்ட கால நோயுடன் வாழும் பிள்ளைக்கு இதைவிடத் தேவையான பாடம் வேறென்ன?

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது காலில் கடும் காயமுற்றவர். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டுதலில் ஊக்குவித்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற அவர், அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்ல வேண்டியதில்லை. ஆனால், "உன்னால் இயலும்" என்று நம்பும் ஒரு பெரியவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவை.

விளையாட்டு தானாகவே நற்பண்புகளை வளர்த்துவிடும் என்று நாங்கள் கூறவில்லை. தோற்றவரை இகழும் பயிற்சியாளரிடம் பிள்ளை அச்சத்தையே கற்கும். ஆகவே, பயிற்சிக்குச் சேர்க்குமுன் அங்கு ஒரு நாள் சென்று பாருங்கள். தவறு செய்த பிள்ளையிடம் பயிற்சியாளர் எவ்வாறு பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். வீடு திரும்பியதும் "வென்றாயா?" என்று கேட்பதற்கு முன், "இன்று எது கடினமாக இருந்தது? என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். களத்தில் கற்றதை வாழ்வோடு இணைத்துக்கொள்ள அந்த உரையாடல் உதவும்.

மீண்டும் விளையாடத் தொடங்குமுன் மருத்துவரின் ஆலோசனை கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் இரத்தச் சர்க்கரையைச் சோதித்து, குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். பிள்ளையின் நிலையைப் பயிற்சியாளரும் அறிந்திருக்க வேண்டும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக ஐயம் எழுந்தால், அன்று மீண்டும் ஆட விடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தன் சர்க்கரை அளவைத் தானே பார்த்து, "எனக்குச் சற்று ஓய்வு வேண்டும்" என்று தயங்காமல் அணித்தலைவரிடம் சொல்லும் பிள்ளை, தன் உடலைத் தானே காக்கக் கற்றுவிட்டது. நாம் எப்போதும் அருகில் இருக்க முடியாத நாள்களில் அதற்குத் துணை நிற்பது அந்தத் திறனே. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, "என் பிள்ளை எந்த விளையாட்டை, எவ்வளவு நேரம் ஆடலாம்?" என்று கேளுங்கள். உங்களோடு அமர்ந்து அதற்கு வழிகாண நாங்கள் காத்திருக்கிறோம்.