ஆபீஸ் வேலைக்கும் ஆன்மிக அறிவு வேண்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி நெரிசல். டிக்கெட் முன்பதிவு ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். நம் ஊர்த் தொழிலாளி ஒருவர், தாயாரைத் தனியே நாகர்கோவில் வண்டியில் அனுப்ப ஃபாரம் நீட்டினார். தாயாரின் வயது 40 என்று எழுதியிருந்தது. நீட்டியவருக்கே நாற்பது இருக்கும்! நான் கவனிக்கவில்லை. மேல் பெர்த் விழுந்தது. "சார், அம்மாவால ஏற முடியாதே" என்றார். "அடுத்த ஆள்" என்றேன்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது பக்கத்து ஜன்னல் அண்ணாச்சி சொன்னார்: "45 வயசான பொம்பளையாளுக்குக் கீழ் பெர்த் கோட்டா உண்டுல்லா தம்பி? வயசைக் கேட்டிருக்கலாமே. உனக்கு அது ஃபாரம். அவனுக்கு அது அம்மை."

அண்ணாச்சியிடம் இருந்தது என்ன? கெட்டிக்காரத்தனமா, இரக்கமா? மனோதத்துவ நூல்களில் இதற்கு நெருங்கிய ஒரு பெயர் உண்டு: ஆன்மிக அறிவுத்திறன்.

மூன்று கேள்விகள்

பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிய 1905ல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சீமோன் இருவரும் ஒரு சோதனையை வகுத்தார்கள். 'ஐ.க்யூ.' என்னும் அளவு பிறந்தது அந்த வழியில்தான். 1983ல் அமெரிக்கப் பேராசிரியர் ஹோவர்ட் கார்ட்னர், அறிவு ஒன்றல்ல, ஏழு வகை என்றார். 1995ல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் உணர்ச்சி அறிவைப் பிரபலமாக்கியது. 2000ல் டானா ஜோஹர், ஐயன் மார்ஷல் தம்பதியர் மூன்றாவதாக ஆன்மிக அறிவைச் சொன்னார்கள்.

வேலையை எப்படிச் செய்வது என்பது முதல் அறிவு. மனிதரோடு எப்படிப் பழகுவது என்பது இரண்டாவது. இதை எதற்காகச் செய்கிறோம் என்று கேட்பது மூன்றாவது. கோயிலுக்குப் போகிறவருக்கும் போகாதவருக்கும் இது பொது என்பது அவர்கள் வாதம்.

எல்லோரும் இதை ஒப்பவில்லை. ஆன்மிகத்தையும் ஓர் அறிவாகக் கொள்ளலாம் என்று ராபர்ட் எம்மன்ஸ் அதே 2000ல் எழுதியபோது, மறுத்து எழுதியவர் கார்ட்னரே! மனதுக்குள் நேரும் அனுபவம் வேறு, சோதித்து அளக்கக்கூடிய திறமை வேறு என்றார் அவர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

துடைப்பமும் நோயாளியும்

பெயர் எதுவானாலும் விஷயம் உண்மைதான் என்று காட்டுகிறது ஓர் ஆராய்ச்சி. ஆமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு பெண்மணிகள் அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றின் துப்புரவுத் தொழிலாளர்களிடம் பேசி, 2001ல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை. சிலர், சொன்னதை மட்டும் செய்துவிட்டுப் போனார்கள், வேலையும் பிடிக்கவில்லை. மற்றவர்களோ நோயாளிகளிடமும் பார்க்க வந்தவர்களிடமும் பேசி, நர்ஸுகளுக்கு உதவி, நோய் குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்தார்கள். அவர்களுக்கு அதே வேலை திறமை வேண்டிய வேலையாகத் தெரிந்தது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. 'சேவை மனப்பான்மை வேண்டும்' என்று உபதேசம் செய்து ஓவர்டைம் காசைப் பிடித்துக்கொள்ளும் முதலாளிகளை நாம் அறிவோம். லீவு கேட்டால் தியான வகுப்புக்கு அனுப்புவது ஆன்மிகம் அல்ல, தந்திரம்! கூலியும் ஓய்வும் உரிமை. 'எதற்காக' என்ற கேள்வி அவற்றுக்கு மாற்றாகாது. அந்தக் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மேலதிகாரி நம்மேல் சுமத்தக் கூடாது.

அண்ணாச்சி ஓய்வு பெற்று ஊர் போய்விட்டார். செல்போனில் டிக்கெட் எடுக்கத் தெரிந்தவர்கள் இப்போது ஜன்னலுக்கு வருவது குறைவு. வருகிறவர்களில் பலர், யாராவது கேட்டுச் சொல்ல வேண்டியவர்கள். ஃபாரத்தை வாங்கியதும் வயதை ஒருமுறை வாய்விட்டுக் கேட்கிறேன். கால் நிமிஷம்கூட ஆவதில்லை.

அந்தத் தாயார் அன்று எப்படி ஊர் போய்ச் சேர்ந்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.