கள்ளியும் கீரையாகுமா?



கள்ளியில் கீரை பறிக்கிறவர்களும் உலகத்தில் உண்டு. பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், வேலியில் படரும் முள்ளுள்ள ஒரு கள்ளிக்கொடியின் இலைகளைக் கோழிக்கறியோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். அதன் பெயர் "ஓரா ப்ரோ நோபிஸ்". லத்தீன் மொழியில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அர்த்தம். குருவானவர் நீண்ட ஜெபம் செய்கையில் ஏழைகள் கோயில் வேலியில் இதைப் பறித்துக்கொள்வார்களாம். பெயருக்கு அங்கே வழங்கும் கதை இது!

"ஏழையின் இறைச்சி" என்றும் சொல்லுகிறார்கள். காய்ந்த இலை 100 கிராமில் புரதம் 20 கிராமுக்கு மேல். ஆனால் பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீரே. நமது முருங்கைக்கீரையோ பச்சையாகவே 100 கிராமில் 6 கிராமுக்கு மேல் தருகிறது. ஆகவே பிரேசில் கொடியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இதைக் கேட்டுவிட்டு நம் ஊர் வேலியிலுள்ள இலைக்கள்ளியை யாரும் பறித்துவிடக்கூடாது. பெயர்தான் கள்ளி; அதுவும் திருகுகள்ளியும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பிரேசில் கொடிக்கு உறவு நமது சப்பாத்திக்கள்ளியே. அடையாளம் எளிது: இலைக்கள்ளியைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். பிரேசில் கொடியில் பால் இல்லை.

அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும், வயிற்றைக் கெடுக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கலாம். வேலி வெட்டுகிறவர்களும் விளையாடும் பிள்ளைகளும் கவனம். கண்ணில் தெறித்தால் தாய்ப்பாலோ எண்ணெயோ விடாதீர்கள். சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.