உம் கொட்டும் செவி

தமிழில் 'கேள்' என்பது சிறிய சொல். அதன் பொருளோ விரிந்தது. பிறர் கூறுவதைச் செவியில் வாங்குவதும் கேட்டல். அறியாததை வினவுவதும் கேட்டல். பெயர்ச்சொல்லாக வரும்போது அது உறவையும் நட்பையும் குறிக்கும்; 'கேளிர்' என்றால் உறவினர். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்பது பெயர். அங்கே அச்சொல்லுக்கு வினா என்பது பொருளன்று. அறிந்தோர் கூறுவதைச் செவிவழியாகப் பெறுதல் என்பதே பொருள். நூல்களைக் கல்லாதவரும் கேட்டறியலாம் என்கிறார் வள்ளுவர்.

ஊர்ப்புறத்து வீடுகளில் இரவு உணவுக்குப் பின் திண்ணையிலோ முற்றத்திலோ பாட்டி கதை சொல்லும்போது கேட்பவருக்கும் ஒரு வேலை உண்டு. அவர் இடையிடையே 'உம்' என்று ஒலி எழுப்ப வேண்டும். இதனை 'உம் கொட்டுதல்' என்பர். இருட்டில் முகம் தெரியாது. அந்த ஒலியைக் கொண்டே கதை சேர்கிறதா என்பதைப் பாட்டி அறிவார். 'உம்' விரைந்து வந்தால் கதை வளரும், தளர்ந்தால் சுருங்கும், நின்றுவிட்டால் பிள்ளை உறங்கிவிட்டது என்று பொருள். வில்லுப்பாட்டிலும் முதன்மைப் பாடகர் கூறுவதற்கு உடனிருப்போர் 'ஆமாம்' என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பர். நல்ல கதையில் பாதியைக் கேட்பவரே ஆக்குகிறார் என்று கூறினும் தவறில்லை.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் ஊரில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், கரிசல் நிலத்து மக்களின் வாய்மொழிக் கதைகளையும் வழக்குச் சொற்களையும் காது கொடுத்துக் கேட்டுத் தொகுத்தவர். அவருடைய 'கோபல்ல கிராமம்' என்னும் புதினம் 1976ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆட்சியாளரின் கொடுமைக்கு அஞ்சித் தெலுங்கு நாட்டை விட்டுத் தெற்கே வந்து, கரிசல் மண்ணில் காடு திருத்திக் குடியேறிய மக்களின் கதை அது. அந்தப் பயணத்தை மங்கத்தாயாரு அம்மாள் என்னும் மூதாட்டி தம் வழித்தோன்றல்களுக்கு எடுத்துரைக்கிறார். வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த ராஜநாராயணன் அதனைத் தமிழில் எழுதினார். ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறு முதியோர் வாயில்தான் இருக்கிறது. அது வடக்கிலிருந்து தெற்கே வந்தவர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கும் மும்பைக்கும் பிலாய்க்கும் பிழைப்புக்காகச் சென்றவர்களின் வீடுகளிலும் ஒவ்வொரு பயணக்கதை உண்டு. அது எந்தப் பாடநூலிலும் இடம்பெறாது.

ஆனால், அக்கதை தானே வெளிப்படுவதில்லை. தில்லியில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். "தாத்தா, நீங்கள் எந்த ஆண்டு இங்கே வந்தீர்கள்?" என்று பேத்தி கேட்கிறாள். "1974" என்று கூறிவிட்டுத் தாத்தா செய்தித்தாளைப் புரட்டுகிறார். உரையாடல் முடிந்துவிட்டது. ஆண்டைக் கேட்டால் ஆண்டுதான் கிடைக்கும். அவளே மற்றொரு நாள், "வந்த முதல் நாள் இரவு எங்கே படுத்தீர்கள், தாத்தா?" என்று கேட்கிறாள். தாத்தா செய்தித்தாளை மடித்து வைக்கிறார். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள், மடியில் தகரப்பெட்டி, நாகபுரி வருவதற்குள் தீர்ந்துபோன கட்டுச்சோறு, அழைக்க வருவதாகச் சொன்ன ஊர்க்காரர் வராத நிலையம், ரஜாய் என்றால் என்னவென்றே அறியாத முதல் குளிர் என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பேத்திக்குத் தமிழில் உடனுக்குடன் விடை கூற வராது. எனினும் 'உம்' என்று கூற அவளால் இயலும், கூறுகிறாள்.

கதையின் நடுவே, ஊரிலிருந்து ஒரு தந்தி வந்ததைத் தாத்தா குறிப்பிடுகிறார். தம் தாயார் மறைந்த செய்தி. இரயிலில் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவ்விடத்தில் அவர் பேச்சு நின்றுவிடுகிறது. இதுவே கேட்பவர்க்குக் கடினமான இடம். "பிறகு என்ன ஆயிற்று?" என்று அவசரப்படுத்தினால் கதை அறுந்துபோகும். "கவலைப்படாதீர்கள்" என்று உடனே தேற்றினால், இனிச் சொல்ல வேண்டாம் என்று பொருள்படும். "என் தோழியின் பாட்டியும் இப்படித்தான்" என்று தொடங்கினால் கதை வேறொருவருக்குப் போய்விடும். பேத்தி ஒன்றும் கூறாமல் அருகிலேயே அமர்ந்திருக்கிறாள். சிறிது நேரம் கழித்து, தாயார் தம் கையில் கொடுத்தனுப்பிய சிறு எவர்சில்வர் தூக்குவாளி இன்றும் சமையலறைப் பரணில் இருப்பதாகத் தாத்தா கூறுகிறார். அவளுடைய அப்பாவுக்கும் அது தெரியாது.

முதியோர் பேச்சில் வரும் வட்டார வழக்கைக் கேட்டுச் சிரிப்பதும், இடைமறித்துத் திருத்துவதும் கூடா. தெரியாத சொல் வந்தால், கதை முடிந்தபின் பொருள் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ராஜநாராயணனும் அவ்வாறு கேட்டறிந்த சொற்களையே கரிசல் வட்டார வழக்குக்கான அகராதியாகத் தொகுத்தார்.

பிள்ளைகளிடமும் சொல்வதற்குக் கதை உண்டு. "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்னும் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை "ஒன்றுமில்லை" என்பதே. முழு நாளையும் ஒரே மூச்சில் கூற எவராலும் இயலாது. ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டால் போதும். காலை வணக்கக் கூட்டத்தில் குரங்கு நுழைந்தது என்று தொடங்கினால் வீடே திரும்பிப் பார்க்கும். நடுவில் ஒரு தமிழ்ச்சொல் நினைவுக்கு வரவில்லையெனில், அங்கே இந்திச் சொல்லை வைத்துவிட்டு மேலே செல்லலாம். விட்ட சொல்லைக் கேட்பவர் எடுத்துக் கொடுப்பார். அதுவும் உம் கொட்டுதலின் ஒரு வகையே.

விடுமுறையில் மட்டும் ஊருக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு அலைபேசியே திண்ணை. அதில் பாட்டியின் பேச்சு, "சாப்பிட்டாயா? படிக்கிறாயா? எப்போது வருவாய்?" என்னும் மூன்று கேள்விகளோடு நின்றுவிடுவதுண்டு. நான்காவது கேள்வியைப் பேரனோ பேத்தியோ கேட்கலாம்: "பாட்டி, இந்த வயதில் நீங்கள் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போனீர்கள்?" போனதே இல்லை என்பது விடையானால், அதற்குப் பின்னால்தான் பெரிய கதை இருக்கிறது. அப்போது 'உம்' கொட்ட மறந்தால், இணைப்பு அறுந்ததோ என்று எண்ணிப் பாட்டி, "இருக்கிறாயா?" என்று கேட்பார்.